மார்க்கர் பிள்ளை

வடிவு சுண்ணாம்புப் பொடியைச் சலித்துக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பிரித்ததும் மேலாக இருப்பது மாவு மாதிரி இருக்கும். அடியில் போகப் போகக் கட்டி கட்டியாக வரும். கோடு போடுகிற தள்ளுவண்டிக்குள் கட்டி போனால் கோடு பாதியில் அறுந்துவிடும். அதனால் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, சாமான் அறை வாசலில் உட்கார்ந்து, சல்லடையைத் தட்டித் தட்டிச் சலித்தாள்.

அது விளையாட்டு வாத்தியார்களை உருவாக்குகிற கல்லூரி. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள் வந்து இரண்டு வருஷம் படிப்பார்கள். மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி இருந்தது. அங்கே உள்ள பிள்ளைகளை வைத்துத்தான் இவர்கள் பாடம் நடத்திப் பழகுவார்கள். மைதானத்தில் கோடு போடுவது வடிவின் வேலை. அவள் மகள் முகிலா அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு.

வடிவு ஆட்களோடு அதிகம் பேசமாட்டாள். நாலு பேர் நிற்கிற இடமென்றால் சுவரை ஒட்டியே போய்விடுவாள்.

அன்றைக்குச் சாமான் அறைப் படியில் எஸ்தர் மேடம் உட்கார்ந்து விசில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நயினார் வந்து நின்றார். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, முப்பத்தொன்பது வயசில் படிக்க வந்தவர் அவர். மேடம் அவரைவிட ஏழெட்டு வயசு இளையவர். இருந்தாலும் மேடம் முன்னால் அவர் குதிகாலைச் சேர்த்து வைத்துத்தான் நிற்பார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க நயினார்."

நயினார் பாடக் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பாடம் நடத்தி முடித்ததும் அதில் மேடம் கையெழுத்துப் போட வேண்டும்.

"எல்லாத்துக்கும் போட்டிருக்கீங்க. பதினாலாவது பாடத்துக்கு மட்டும் போடலை. ஒரு வாரமாச்சு."

"ஆமா."

"அன்னைக்கு ஒரு பிள்ளைகூட அசையலை. நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன்."

"பிறகு ஏன் மேடம்?"

"பாடம் இன்னும் முடியலையே."

நயினார் சிரித்தார். "மணி அடிச்சு, பிள்ளைக சாப்பிட்டு, வீட்டுக்கே போயாச்சு மேடம்."

மேடம் அடுத்த விசிலை எடுத்தார்.

வடிவின் கையில் சல்லடை நின்றுவிட்டது. அந்தப் பாடம் முடியவில்லை என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, மேடத்துக்கு எதிரில் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"என்ன வடிவு?"

"எம் பிள்ளை நிக்கா மேடம்."

"எங்க நிக்கிது?"

"தெனமும். பதினொண்ணு நாப்பதுக்கு."

அவள் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான்.

ஒரு வாரத்துக்கு முன்னால் நயினார் இரண்டாம் வகுப்புக்கு அணிவகுப்பு சொல்லிக்கொடுத்தார். அணிவகுப்பில் முதலில் ஒரு ஆளை வலது முனையில் நிறுத்துவார்கள். அந்த ஆளுக்கு மார்க்கர் என்று பேர். மார்க்கரைப் பார்த்து மற்றவர்கள் வரிசை பிடிப்பார்கள். மார்க்கர் மட்டும் யாரையும் பார்க்கக் கூடாது. நேரே பார்த்தபடி நிற்க வேண்டும். சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை யார் என்று நயினார் கேட்டதற்கு, வகுப்பே முகிலாவைக் காட்டியது. அவளை நிறுத்தி, "நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது" என்றார்.

பாடம் முடிந்ததும் பட்டாளத்து வழக்கப்படி, "மார்க்கர் தவிர, கலைந்து செல்" என்றார். முப்பத்தொரு பிள்ளைகளும் சிதறி ஓடின. மார்க்கருக்குத் தனியாக ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்குள் யாரோ ஒருத்தர் பந்து அறைச் சாவியைக் கேட்டார். நயினார் சாவியை எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. சத்துணவு ஆயாதான் முகிலாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டாள்.

அடுத்த நாள் அதே நேரத்துக்கு முகிலா வகுப்பிலிருந்து எழுந்து வந்து, அதே இடத்தில் நின்றாள். "சார் சொல்லியிருக்காங்க" என்று வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாள். விளையாட்டு விழாவுக்குப் பழகுகிறாள் என்று டீச்சர் விட்டுவிட்டார். கல்லூரிக்காரர்கள் எல்லாரும் அந்த நேரம் புத்தக வகுப்பில் இருப்பார்கள். மைதானத்தில் வடிவு மட்டும்தான்.

"மொத நாள் நான் அரைக் கோடு போடுற நேரம் நின்னா. மறுநாள் ஒரு கோடு. பெறவு ரெண்டு. வெள்ளிக்கிழமை ஆறு கோடு போட்டு முடிச்சும் நிக்கா."

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"கேக்க மாட்டேங்கா. தூக்கிப் பாத்தேன் மேடம். எல்லைக் கல்லைத் தூக்குன மாதிரி இருக்கு. இடுப்புல வச்சுத் திரியுத பிள்ளை."

நயினார் மேடத்தைப் பார்த்தார். மேடம் அவரைப் பார்க்கவில்லை.

"நேத்து ஞாயித்துக்கிழமை" என்றாள் வடிவு. "கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரோட்டு நடுவுல நின்னுட்டா. மணி பதினொண்ணு நாப்பது. லாரி வருது. அவளை அசைக்க முடியலை. நானும் பக்கத்துலயே நின்னுட்டேன். லாரிக்காரன் வண்டியை ஒடிச்சு வேலியில விட்டான். என்னென்னமோ வைதான்."

மேடம் துடைப்பதை நிறுத்தினார். "நயினார் கலையச் சொல்லாம விட்டது எனக்குத் தெரியும். அவரே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். பிள்ளை நிக்கிறது தெரியாது வடிவு."

"இன்னைக்கு எத்தனை கோடுன்னு தெரியலை மேடம்" என்றாள் வடிவு. "மொத்தமே எட்டுக் கோடுதான். ஒரு நாள் எட்டையும் போட்டு முடிச்சும் அவ கலையாமப் போயிட்டா?"

பள்ளிக்கூடப் பக்கம் கம்பிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. முகிலா தனியாக வந்துகொண்டிருந்தாள். சீருடை, எண்ணெய் வைத்துச் சீவிய ரெட்டைச் சடை. நடையில் அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. மைதானத்தில் ஒரு இடத்துக்கு வந்து நின்றாள். குதிகால் சேர்ந்தது. கை தொடையோடு ஒட்டியது. முகம் மேற்குச் சுவரைப் பார்த்து நிமிர்ந்தது.

பிறகு அவள் கண் இமைக்கவில்லை.

நயினார் கிட்டே போய்ப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். அவர் கண்ணில் முதலில் தெரிந்தது பயமில்லை.

"பதினேழு வருஷத்துல இப்படி ஒரு மார்க்கரைப் பாத்ததில்லை" என்றார் மெதுவாக. அப்புறம் வடிவின் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்று எட்டு பின்னால் போய், மூச்சை இழுத்து, "மார்க்கர், கலைந்து செல்" என்றார்.

மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் அரிவாளைக் கீழே போட்டான். முகிலா நின்றாள்.

நாலு தடவை சொன்னார். விசில் ஊதினார். உட்கார்ந்து காதுக்குப் பக்கத்தில் சொன்னார். ஒரு எறும்பு அவள் கழுத்தில் ஏறி, தாடையைக் கடந்து, உதட்டு ஓரத்தில் நின்றது. அவள் அதைத் துடைக்கவில்லை. வடிவுதான் ஓடி வந்து முந்தானையால் தட்டிவிட்டாள்.

நயினார் மேடத்திடம் வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தது.

"மேடம், என் சொல்லுக்கு ஒரு பிள்ளை இப்படி நிக்குதுன்னா, நான் நல்ல வாத்தியாரா, கெட்ட வாத்தியாரா?"

மேடம் கையிலிருந்த விசிலைக் கீழே வைத்தார்.

"நயினார், வரிசைக்கு வாங்க."

"மேடம்?"

"மார்க்கருக்கு இடது பக்கம். ஒரு கை தூரம்."

நயினார் போய் முகிலாவுக்கு இடது பக்கத்தில் நின்றார்.

"நேராக நில்."

மேடம் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் தண்ணீர் கேட்கிற மாதிரிதான் சொன்னார். நயினாரின் குதிகால் தானாகச் சேர்ந்தது.

"நேரமாச்சு, நான் வகுப்புக்குப் போறேன்" என்று வடிவிடம் சொன்னார் மேடம். "நீ உன் வேலையைப் பாரு. கண்ணை மட்டும் இந்தப் பக்கம் வச்சுக்கோ."

போய்விட்டார்.

வெயில் ஏறியது. வடிவு வண்டியில் பொடியைக் கொட்டி முதல் கோட்டைப் போட்டாள். இரண்டாவது கோடு. சுற்றி வரும்போதெல்லாம் பார்த்தாள். ஒரு பெரிய ஆளும் ஒரு சின்னப் பிள்ளையும் மேற்குச் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

மூன்றாவது கோடு முடியும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள். கொடிக்கம்பத்தின் நிழல் நகர்ந்திருந்தது. நயினாரின் நிழலும் நகர்ந்திருந்தது. முகிலாவின் நிழல் மட்டும் பதினொன்று நாற்பதுக்கு எங்கே விழுந்ததோ அங்கேயே கிடந்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒன்றரை மணிக்குப் புத்தக வகுப்பு விட்டது. பையன்கள் கூட்டமாக வந்தார்கள்.

"ஏல, ஹவில்தார் அண்ணாச்சி டூட்டியில நிக்காரு."

"அண்ணாச்சி, பாகிஸ்தான் அந்தப் பக்கம். நீங்க பாக்குறது மெஸ்ஸு."

"விடுல. சாம்பார் தப்பிச்சுப் போகாம காவல் காக்காரு."

ஒருவன் கிட்டே வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "வாங்கடே, போவோம்" என்றான். மற்றவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. போய்விட்டார்கள்.

ஆறாவது கோட்டைப் போட்டுவிட்டு வடிவு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்கள் பக்கம் வந்தாள். மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்போல இருந்தது. வேலை இருக்கிற மாதிரிக் காட்டிக்கொள்ள, முகிலாவின் கால் பக்கத்திலிருந்து ஒரு கோட்டை இடது பக்கமாக இழுத்துக்கொண்டே போனாள்.

திரும்பிப் பார்த்தபோது கோடு விட்டு விட்டு இருந்தது.

கட்டி விழுந்திருக்கும் என்று வண்டியைத் திறந்து பார்த்தாள். கட்டி இல்லை. பொடி மாவாக இருந்தது. கோட்டில், நயினாரைத் தாண்டி, ஒவ்வொரு கை தூரத்துக்கும் ஒரு இடைவெளி இருந்தது. இரண்டு சின்னப் பாதம் சேர்த்து வைத்த அகலம். அப்புறம் கொஞ்சம் வெள்ளை. மறுபடி ஒரு இடைவெளி. வடிவு எண்ணினாள். முப்பத்தொன்று.

அவள் கடைசி இடைவெளிக்குப் பக்கத்திலேயே நின்றாள். காற்று இல்லை. வேர்வையும் எண்ணெயும் கலந்த பிள்ளைகளின் தலை வாசம் அடித்தது.

"தங்கச்சி."

நயினார் உதட்டை அசைக்காமல் பேசினார். வடிவு கிட்டே வந்தாள்.

"பிள்ளை கண்ணு சிமிட்டுதா?"

வடிவு தலையை ஆட்டினாள். அவரால் திரும்பிப் பார்க்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"இல்ல அண்ணாச்சி."

"இங்க இருந்து பாத்தா செவரு மட்டும்தான் தெரியுது."

"ம்."

"பக்கத்துல ஆள் இருக்கா, போயாச்சான்னு தெரியலை. இவளுக்கும் தெரியாதுல்லா."

வடிவு தரையைப் பார்த்தாள். கோட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தாள். வாய் வரவில்லை.

"நான் சொன்னது காதுல விழலைன்னு நெனச்சேன்" என்றார் நயினார். "விழுந்திருக்கும். இத்தனை பேரு இவளைப் பாத்து நிக்கும்போது, இவ எப்படி விட்டுட்டுப் போவா."

அவருக்கும் அந்த வாசம் அடித்திருக்க வேண்டும் என்று வடிவு நினைத்தாள்.

"தண்ணி தரட்டா அண்ணாச்சி?"

"வேண்டாம். அசையக் கூடாது."

அவரே மறுபடி பேசினார்.

"ஒரு பரேடு. மே மாசம். என் பக்கத்துல நின்னவன் பேரு தங்கையா. சாத்தான்குளத்துக்காரன். நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேந்தவங்க. நடுப் பரேடுல விழுந்துட்டான். எங்கால்லதான் விழுந்தான். பக்கத்து ஆள் விழுந்தாலும் திரும்பக் கூடாது. அது சட்டம். தூக்குறதுக்குத் தனி ஆள் வரும். நான் திரும்பலை."

"ம்."

"ஆள் வர நேரமாச்சு. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ரெண்டு தடவை. பெறவு கூப்பிடலை."

வடிவு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு என்னையத்தான் பாராட்டுனாங்க. பொம்மை மாதிரி நின்னேனாம்." அவர் குரல் வறண்டு போயிருந்தது. "தங்கச்சி, உன் பிள்ளைகிட்ட நான்..."

சொல்லி முடிக்கவில்லை. முதலில் முழங்கால் மடங்கியது. அப்புறம் உடம்பு முழுசும், கயிறு அறுந்த மூட்டை மாதிரி, முகிலாவின் கால்மேல் சரிந்தது.

வடிவு வண்டியை விட்டுவிட்டு ஓடினாள். நாலு எட்டு இருக்கும். அந்த நாலு எட்டுக்குள் அவள் பார்த்தாள்.

முகிலாவின் கண் இமைத்தது.

ஒரு தடவை. இன்னொரு தடவை. கழுத்து மெதுவாக, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி, இடது பக்கம் திரும்பியது. கீழே பார்த்தாள். வெள்ளைப் பொடியில் முகம் புதைந்து கிடந்த ஆளைப் பார்த்தாள். அவள் நிழல் தரையில் சட்டென்று நகர்ந்து, மற்ற நிழல்களோடு சேர்ந்து கிழக்கே நீண்டது.

முகிலா குனிந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சார். எந்திங்க சார்."

அவர் முனகினார்.

"எம்மா, சார் விழுந்துட்டாங்க. தண்ணி கொண்டா. சீக்கிரம்."

வடிவு நின்ற இடத்திலேயே நின்றாள். அவளைச் சுற்றித் திடுதிடுவென்று சத்தம் கேட்டது. நிறையச் சின்னக் கால்கள், எல்லாப் பக்கமும் ஓடின. புழுதி எழுந்து அவள் புடவையில் படிந்தது. ஆள் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்வது தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஈரெட்டுப் பதினாறு. மூவெட்டு இருபத்து நாலு.

சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

"எம்மா, தண்ணின்னு சொல்லுதேன்லா" என்றாள் முகிலா.

மூன்று மணிக்கு மேடம் வந்தார். நயினார் சாமான் அறை நிழலில், தலையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். முகிலா மைதானத்தில் ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு திரிந்தாள். வடிவு அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவக் கழுவ வெள்ளை போகவில்லை.

நயினார் எழுந்திருக்கப் போனார். மேடம் கையால் உட்காரச் சொன்னார்.

"மேடம், என் சொல்லுக்கு அவ கலையலை."

"இல்லை."

"நான் விழுந்ததும் திரும்பிட்டா. யாரும் சொல்லலை."

"ஆமா."

"நான் கத்துக்குடுத்ததை மீறிட்டா."

"மீறிட்டா."

"அப்போ நான் நல்ல வாத்தியாரா, கெட்ட வாத்தியாரா?"

மேடம் குறிப்பேட்டை வாங்கினார். பதினாலாவது பாடத்தைத் திருப்பி, அடியில் கையெழுத்துப் போட்டு, மையை ஊதிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

நயினார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்ததும் குறிப்பேட்டை மூடினார். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"இன்னொண்ணு இருக்கு மேடம்."

"சொல்லுங்க."

"என்னை நேராக நில்லுன்னு சொன்னீங்க. கலைஞ்சு போன்னு சொல்லலை."

"சொல்லலை."

"விழுந்ததுனால எந்திரிச்சு வந்துட்டேன். அவ்வளவுதான். இந்தா, உங்ககிட்டப் பேசிக்கிட்டிருக்கேன். ஆனா எங்கண்ணு முன்னால அந்தச் செவருதான் தெரியுது." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ராத்திரி வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் இருக்கும்போல. ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன் மேடம்?"

மேடம் மைதானத்தைப் பார்த்தார். டயர் ஒரு பக்கம் சாய்ந்து ஓட, முகிலா அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"அந்த இடம் காலியாக் கிடந்தா, இன்னொரு பிள்ளை வந்து நிக்கும்."

நயினார் அந்த இடத்தைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே அவருடைய குதிகால்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

வடிவு அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, முதல்முறையாக மேடத்தை முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"மேடம், அப்போ அண்ணாச்சி திரும்பிப் பாக்க, பக்கத்துல யாரு வந்து..."

"எம்மா" என்று மைதானத்தில் நயினார் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து முகிலா கூப்பிட்டாள். "எம்மா, இங்க வாயேன்."